துண்டுக்கு அடியில் இருந்த கை

கையை இழுத்தேன். வரவில்லை.

மறுபடி இழுத்தேன். துண்டு இறுகியது. உள்ளே என் விரல்களை மொத்தமாகப் பிடித்திருந்த அந்தக் கை, உமியைப் போலச் சொரசொரவென்று இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அது என் தம்பியின் கை. ஆறு வயசுப் பையனின் சின்னக் கை. அவன் கையில் ஆரஞ்சுச் சாறு ஒட்டிப் பிசுபிசுவென்று இருந்திருக்க வேண்டும். இந்தக் கையில் பிசுபிசுப்பே இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் என் தம்பி மண்டபத்தின் அந்தக் கோடியில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்க வந்து பாரேன். என்ற காலு இந்தக் குழிக்குள்ள சரியா பத்துது."

என் வலது மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்தில் மணி நாலு ஐம்பத்திரண்டு.

இது நடந்தது. எனக்கு நடந்தது. பொழுது போகாத பெண் கதை கட்டுகிறாள் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. யாரையும் நம்பவைக்க நான் எழுதவில்லை. தூங்காமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

இன்று 1988 நவம்பர் 25, வெள்ளிக்கிழமை. இரவு மணி பதினொன்று பத்து. கரண்ட் இல்லை. சிம்னி விளக்கு எரிகிறது. தம்பி அற்புதம் எனக்கு இடது பக்கம் தூங்குகிறான். என் இடது கை போர்வைக்குள் அவனுடைய அரைஞாண் கயிற்றைப் பிடித்திருக்கிறது. வலது கையால் எழுதுகிறேன். நாளைக்குச் சனிக்கிழமை. நாளைய பொழுது முழுசாகப் போகும்வரை இந்தக் கயிறு அவன் இடுப்பில் இருக்க வேண்டும். அது மட்டும் இருந்துவிட்டால் போதும்.

ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் மரியசெல்வி. பதினொன்றாம் வகுப்பு. அப்பா ஏசுராஜ், இங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். மாரமங்கலத்துக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே, ஆனைக்கல் கோட்டை என்று ஒன்று இருக்கிறது. கோட்டை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இடிந்த மதில், ஒரு வாசல், உள்ளே ஒரு காலத்தில் ஊர் இருந்ததற்கு அடையாளமாகக் கருங்கல் அஸ்திவாரங்கள். எல்லாவற்றின் மேலும் உண்ணிச்செடி. முழுசாக நிற்பது ஒன்றே ஒன்றுதான். சந்தை மண்டபம்.

இருபத்துநாலு கல்தூண். மேலே கல் பாவிய கூரை. ஐந்நூறு வருஷம் என்பார் எங்கள் வரலாறு டீச்சர். எழுநூறு என்பார் பஞ்சாயத்து ஆபீசில் இருப்பவர். இரண்டு பேரும் அதற்குள் போனதில்லை. மலையில் விளைந்த மிளகும் தேனும், கீழே இருந்து வந்த உப்பும் தானியமும் அங்கேதான் கைமாறினவாம். தரையிலேயே சின்னதும் பெரியதுமாக மூன்று குழி வெட்டியிருக்கிறார்கள். படி, அரை வள்ளம், வள்ளம். நாலு படி ஒரு வள்ளம். எந்த வியாபாரியாக இருந்தாலும் தானியத்தை அந்தக் கல்குழியில் கொட்டி, அளவு சரி என்று காட்டிவிட்டுத்தான் விற்க வேண்டுமாம். பொழுது சாய்ந்தால் மணி அடித்துக் கோட்டை வாசலைச் சாத்திவிடுவார்களாம்.

இப்போது சந்தை அங்கே இல்லை. சனிக்கிழமைதோறும் கோட்டைக்கு வெளியே, ரோடு வளைவில், தார்ப்பாய் கட்டி நடக்கிறது. அடைமழையில் தார்ப்பாய் கிழிந்து மிளகு மூட்டை நனைந்தாலும் சரி, கூப்பிடு தூரத்தில் கல் கூரை இருந்தும், யாரும் மண்டபத்துக்குள் மூட்டையைக் கொண்டுபோக மாட்டார்கள். சின்ன வயசிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சந்தையில் தரகர்கள் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைப் போட்டுக் கையை மூடி, அதற்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைப் பிடித்தால் இரண்டு. ஒத்துவரவில்லை என்றால் உள்ளங்கையைச் சுரண்ட வேண்டும். சம்மதம் என்றால் கையை மொத்தமாக இரண்டு தடவை அழுத்த வேண்டும். கடைசியில் வாங்குகிறவர், விற்கிறவரின் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டுவார். அதற்கு மேல் பேச்சு மாறக் கூடாது. ஆடு மாடாக இருந்தால், விற்றவர் தன் கையால் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். அப்புறம்தான் வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போகலாம்.

பார்த்துப் பார்த்தே நானும் தம்பியும் இதைப் பழகிவிட்டோம். கோயிலில் பிரசங்கம் நீளும்போது அம்மாவின் முந்தானைக்கு அடியில் கையை விட்டுப் பேரம் பேசுவோம். என் பென்சில் பெட்டிக்கு அவன் எத்தனை கோலிக்குண்டு தருவான் என்று. முதலில் வாயைத் திறக்கிறவர் தோற்றவர். அவன் நன்றாகவே பேசுவான். கஞ்சன்.

நவம்பர் ஐந்து, சனிக்கிழமை. மாரமங்கலத்தில் இருக்கும் சின்னம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மூன்று நாற்பது பஸ்ஸைத் தவறவிட்டோம். தம்பியால்தான். பஸ் வரும் நேரத்துக்கு, ஆரஞ்சு மரத்தடியில் விழுந்ததைப் பொறுக்குகிறேன் என்று ஓடிவிட்டான். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் கிளாஸ் பிள்ளைகள் எல்லாரும் ஏரிக்கரையில் கூடுவதாக இருந்தது. மெட்ராசுக்கு மாற்றலாகிப் போகிற என் தோழி பாப்பாத்தியை வழியனுப்ப. அவளை இனி எப்போது பார்ப்பேன் என்று தெரியாது. எங்கே போனாலும் இவனைத் தூக்கிக்கொண்டு போ, இவனைப் பார்த்துக்கொள். ஆறு வருஷமாக இதே கதைதான்.

அடுத்த பஸ் ஐந்தேகாலுக்கு. கோட்டை வழியாகக் குறுக்கே நடந்துவிடலாம் என்று கிளம்பினோம். பாதி வழியில் பனி இறங்கியது. பின்னாலேயே மழை. மண்டபத்துக்குள் ஓடினோம்.

அப்போது மணி நாலு முப்பத்தைந்து. பகல்தான். ஆனால் பனி தூணுக்குத் தூண் நுழைந்து, கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். பெரிய குழி மட்டும் காய்ந்து கிடந்தது. அதன் அடியில் கொஞ்சம் உமி. புது உமி.

"இது யாருதுக்கா?"

"உன்ற தாத்தன் வெச்சுட்டுப் போனது. பேசாம உக்காரு."

"பசிக்குது."

"ஆரஞ்சுக்கு ஓடினியில்ல, அதைத் தின்னு."

முறைத்துவிட்டுத் தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். நான் இந்தப் பக்கம். இருவர் முதுகுக்கும் நடுவில் தூண். அவன் ஆரஞ்சு உரிக்கும் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் வாசனை போய்விட்டது. மழைச் சத்தம் மட்டும். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவனைச் சீண்ட வேண்டும் போல் இருந்தது.

"டேய், பேரம் பேசலாமா? என்ன சரக்குன்னு தெரியுமா? நீதான். உன்னை வித்துப்போட்டு நான் நிம்மதியா பஸ் ஏறிப் போறேன்."

பதில் இல்லை. விளையாட்டு தொடங்கிவிட்டால் பேசக் கூடாது என்பது எங்கள் சட்டம். மழைக்குத் தலையில் போட்டு வந்த அப்பாவின் துண்டை இடது கையில் போட்டு, தூணைச் சுற்றி அந்தப் பக்கம் நீட்டினேன்.

துண்டுக்கு அடியில் ஒரு கை வந்தது.

சின்னக் கைதான். ஜில்லென்று இருந்தது. மழையில் நனைந்தவன் கை ஜில்லென்றுதானே இருக்கும்.

என் சுண்டுவிரலைப் பிடித்தது. ஒன்று.

சுரண்டினேன்.

இரண்டு விரலைப் பிடித்தது. சுரண்டினேன். எனக்குச் சிரிப்பு வந்தது. தன்னைத் தானே இவ்வளவு மலிவாகக் கேட்கிறானே என்று.

மூன்று விரலைப் பிடித்தது. அப்படியே வைத்திருந்தது. அவசரமே இல்லாமல்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். பாப்பாத்தி ஏரிக்கரையில் என்னைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இவன் இல்லாமல் இருந்தால் நான் இப்போது அங்கே இருந்திருப்பேன் என்று நினைத்தேன். ஒரு நொடி. அந்த ஒரு நொடி விளையாட்டு இல்லை.

"ஒழிஞ்சது போ," என்று மனசுக்குள் சொல்லி, இரண்டு தடவை அழுத்தினேன்.

அந்தக் கையும் இரண்டு தடவை அழுத்தியது.

அப்போதுதான் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. அக்கா, இங்க வந்து பாரேன்...

இழுத்தேன். வரவில்லை. பிடித்தபோது சின்னதாக இருந்த கை இப்போது என் மணிக்கட்டைத் தாண்டிப் போயிருந்தது. விரல்கள் நீளமாக... வறண்டு... எலும்பு தெரிய. தூணுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லை. துணி உரசும் சத்தம் கேட்கவில்லை.

பிறகு அது தானாகவே பிடியைத் தளர்த்தியது. என் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டியது.

மெதுவாக. தரகர் தட்டுவது போல.

துண்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். பனிக்குள் கையை வீசித் தேடி, தம்பியைப் பிடித்துத் தூக்கினேன். அவன் பெரிய குழிக்குள் இரண்டு காலையும் வைத்து நின்றுகொண்டிருந்தான். ரோட்டுக்கு வந்ததும் ஐந்தேகால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. தூணுக்குப் பின்னால் யார் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை.

மணி பதினொன்று முப்பது. தோளை அசைத்துப் பார்த்தேன். கயிறு இழுபடுகிறது. தம்பி முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

தோளை அசைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அன்றிலிருந்து என் இடது கையில் சரியாக உணர்ச்சி இல்லை. சூடு தெரிவதில்லை. போன வாரம் காப்பி டம்ளரைப் பிடித்தேன், கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் விடியற்காலை விழித்தபோது, தூங்கும் தம்பியின் கையை என் இடது கை பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று விரலை மட்டும்.

நவம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு வாசற்படியில் ராகி கொட்டிக் கிடந்தது. சாக்கு இல்லை, முறம் இல்லை. வெறும் கல்லில் குவியலாக. ரைட்டர் வீட்டு வாசலில் இப்படி எதையாவது வைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கம் சகஜம். அப்பா எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் கூலிக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். அதனால் பலாப்பழம் வரும், அவரை வரும். யார் வைத்தது என்று கேட்பது மரியாதை இல்லை என்று அம்மா கேட்க மாட்டாள். அள்ளி அளந்து பார்த்தாள். சரியாக நாலு படி. மத்தியானம் களி கிண்டினாள். நன்றாக இருந்தது. தம்பி இரண்டு உருண்டை சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன்.

நவம்பர் பத்தொன்பது, சனிக்கிழமை. காலை ஆறு மணி. மறுபடி ராகி. மறுபடி நாலு படி.

உள்ளே ஓடினேன். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"அம்மா, அதை ஆக்காதீங்க."

"ஏன்டி?"

"யாரு வெச்சாங்கன்னு தெரியாதில்லங்கம்மா."

"வந்த சாப்பாட்ட வேண்டாங்கறவ நீ ஒருத்திதான். உங்கப்பாரு வாயக் கட்டி வேல பாக்கறாரு, சனம் பாத்து எதோ செய்யுது. இதுல உனக்கென்ன நோவு?"

நடந்ததைச் சொன்னேன். மண்டபம், துண்டு, கை எல்லாம். அம்மா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, "தம்பிய விக்கறேன்னு வாயில வந்துச்சா உனக்கு?" என்றாள். அவ்வளவுதான். ராகியைத் திரிக்கப் போய்விட்டாள். அப்பாவிடம் சொன்னேன். பரீட்சைப் பயம் என்றார்.

பத்து மணிக்குத் தம்பி அடுப்படி வாசலில் உட்கார்ந்து அந்த ராகியில் சுட்ட அடையைத் தின்றுகொண்டிருந்தான். நான் போய்ப் பிடுங்கினேன். அது கடைசித் துண்டு.

அன்றைக்கே சந்தைக்குப் போனேன். மணி பன்னிரண்டரை. மிளகுத் தரகர் சித்தன், மலைக்காரர், அறுபது வயசு இருக்கும். அப்பாவுக்குத் தெரிந்தவர். சந்தையில் எல்லாரையும் கேலி பண்ணுகிறவர்.

"யாரு, ரைட்டர் புள்ளையா? மொளகு வாங்க வந்தியா, விக்க வந்தியா கண்ணு?"

"ஒரு பேரம் கேக்கோணுங்க. துண்டு போட்டு."

"அடேங்கப்பா. பள்ளிக்கொடத்துல இதுவுமா சொல்லிக் குடுக்கறாங்க?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தோள்துண்டை எடுத்துப் போட்டார்.

நான் இடது கையை உள்ளே விட்டேன். அவர் கையைத் தொட்டேன்.

சிரிப்பு நின்றது.

அந்தக் கை என்ன செய்ததோ அதையே வரிசையாகச் செய்தேன். ஒன்று. இரண்டு. மூன்று, நெடுநேரம் பிடித்தபடி. அழுத்தல் இரண்டு. அவர் என் கையை உதறிவிட்டு எழுந்தார். துண்டைச் சுருட்டிக் காலடியில் போட்டார். குடத்துத் தண்ணீரைச் சாய்த்துக் கையைக் கழுவினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"மண்டவத்துக்குள்ள போனியா?"

"மழைக்கு ஒதுங்கினேனுங்க."

"மழைல செத்தா போயிருவ? சரக்கு என்னன்னு சொன்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லு."

"என்ற தம்பிங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் கூடைகளை என்னிடமிருந்து தள்ளி வைத்தார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சித்தன் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் அதில் இரக்கம் இல்லை.

"நூறு வருசத்துக்கு முந்தி, தாது வருசப் பஞ்சத்துல, கோட்டைக்குள்ள விக்கறதுக்கு ஒரு மணி தானியம் கெடையாது. கீழ இருந்து ஆளுங்க ராகி கொண்டு வந்தாங்க. காசு வேண்டாம், புள்ளையக் குடுன்னாங்க. ஆம்பளப் புள்ளைக்கு மூணு வள்ளம். பொட்டப் புள்ளைக்கு ரெண்டு. அத வாயில சொல்ல எந்தத் தாயிக்கு நா வரும்? அதுக்குத்தான் துண்டு. அதுக்குத்தான் தூணு. வாங்கறவன் மூஞ்சிய அந்தப் பக்கம் மறைச்சுக்குவான். மூணு சந்தைக்கு மூணு வள்ளம். மூணாவது அளந்ததும் புள்ளையக் கூட்டிக்குவான்."

"நான் வெளையாட்டுக்குத்தானுங்க..."

"வந்ததத் தின்னீங்களா?"

தலையாட்டினேன்.

"எத்தனை?"

"ரெண்டு வள்ளம் வந்துதுங்க."

"தின்னாச்சுன்னா பேச்சு மாத்த முடியாது."

அழுதேன். காலில் விழப் போனேன், பின்னால் நகர்ந்தார். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்.

"புள்ள இடுப்புல கயிறு இருக்கா?"

"இருக்குதுங்க."

"வித்தவங்க கையாலதான் அத அவுக்கோணும். வேற யாரும் அவுத்தாச் செல்லாது. கயித்தோட இருக்கற புள்ளையத் தொடமாட்டாங்க. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இனி என்ற கடப்பக்கம் வராத."

நான் கொஞ்ச தூரம் வந்துவிட்டேன். பின்னாலேயே அவர் குரல் வந்தது. என்னிடம் சொன்னாரா, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாரா, தெரியவில்லை.

"எங்க பாட்டியோட தம்பியும் அப்படிப் போனவன்தான். அவுத்துவிட்டேன்னு எந்தத் தாயும் ஒத்துக்கிட்டதில்லையாம். நான் அவுக்கல, கை அவுத்துச்சுன்னுதான் அத்தனை பேரும் அழுதாங்களாம்."

இதுதான் நடந்தது. அன்று சாயங்காலம் அம்மாவைக் கெஞ்சி, தம்பிக்குப் புதுக் கறுப்புக் கயிறு கட்டவைத்தேன். அதில் வேளாங்கண்ணி மாதா சுரூபம் கோத்திருக்கிறது. அம்மா மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினாள். "பல்லால கடிச்சாலும் வராது, போதுமா?" என்றாள். இந்த ஒரு வாரமாக நான் அவனை விட்டு நகரவில்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. அக்கா இப்போதெல்லாம் திட்டுவதில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொன்னானாம்.

நான் அவிழ்க்கப் போவதில்லை. அதனால் பயமில்லை. எழுதிக்கொண்டே இருந்தால் தூக்கம் வராது. தூங்காவிட்டால் கை தப்பாக எதுவும் செய்யாது. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

நாய் குரைத்துக்கொண்டிருந்தது. இப்போது நின்றுவிட்டது.

பதினொன்று ஐம்பத்தொன்று. ஜன்னல் கண்ணாடியில் பனி. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்பாவின் குறட்டை கேட்கிறது. எழுப்பலாமா... எழுப்பப் போனால் கயிற்றை விட வேண்டும்.

பதினொன்று ஐம்பத்தைந்து. விளக்கு ஆடுகிறது. காற்று இல்லை.

பன்னிரண்டு. அப்பா அறையில் கடிகாரம் அடிக்கிறது. சனிக்கிழமை வந்துவிட்டது.

வாசலில் சத்தம்.

சர்ர்ர்... என்று. கல்லில் தானியம் கொட்டும் சத்தம். அவசரமே இல்லாமல்.

நின்றுவிட்டது.

பன்னிரண்டு மூன்று. தம்பி தூங்குகிறான். மூச்சு வருகிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

தோளை அசைத்துப் பார்த்தேன்.

கயிறு இழுபடவில்லை.

இன்னொரு தடவை அசைத்தேன்.

போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தேன்.

கயிறும் கூடவே வந்தது. முழுசாக. சுரூபத்தோடு. அறுந்திருக்கவில்லை. மூன்று முடிச்சும் பக்குவமாக, ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டிருக்கின்றன. என் நகக்கண்ணில் கறுப்பு நூல்.

நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நிமிடம்கூடக் கண் மூடவில்லை.

படிக்கட்டில் காலடி.

இவ்வளவு நேரமும் என் இடது கை என்ன செய்துகொண்டிருந்தது?